டிசம்பர் 18: ஒரு தேதித்தாளின் சரித்திரம்

இராகு காலத்துக்கும் சூலத்துக்கும் கட்டம் போட்டிருக்கும் அந்தச் சிறு தாளில், மழைக்கு மட்டும் கட்டம் இல்லை.

ஆடிப்பெருக்கன்று மற்ற ஊர்க்காரர்கள் சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிற வேளையில், ஆறு என்று பெருமை பேசிக்கொள்ள ஏதுமில்லாத சிவகாசியில், அச்சகத்தார் பூஜை போட்டு அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். வருஷத்தின் நடுவிலேயே வருங்காலம் விற்பனைக்கு வந்துவிடுகிற இந்த ஊரில், அடுத்த ஆண்டின் டிசம்பர் 18-ஆம் தேதி என்பது, அது உலகத்தில் உதயமாவதற்கு ஒரு வருஷத்துக்கும் முன்னதாகவே அச்சாகி, வெட்டப்பட்டு, மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு தாள்களோடு அடுக்கித் தைக்கப்பட்டு, சாமி படம் போட்ட அட்டையின் கீழே தன் முறைக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. கிழிக்கிற கைக்கு அது ஒரு நாள்; அடுக்குகிற கைக்கோ, கட்டின் அடியிலிருந்து பதினான்காவது தாள்.

அப்படிக் காத்திருந்த தாள்களில் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். சோபகிருது வருஷம், மார்கழி 2, திங்கட்கிழமை. ஆங்கிலத் தேதி 2023 டிசம்பர் 18. இராகு காலம் காலை ஏழரை முதல் ஒன்பது, எமகண்டம் பத்தரை முதல் பன்னிரண்டு, குளிகை ஒன்றரை முதல் மூன்று, சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். பிரயாணம் புறப்படுகிறவருக்கும் பெண் பார்க்கப் போகிறவருக்கும் வேண்டிய சகல விவரங்களும் உள்ளங்கையளவு காகிதத்தில் அடங்கியிருக்கின்றன. அன்று காலை எட்டரை மணிக்கு, சிவகாசியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தெற்கேயிருக்கும் காயல்பட்டினத்தில், முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தின் மழை 95 சென்டிமீட்டர் என்று கணக்கில் ஏறியது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையின் சராசரி 80 சென்டிமீட்டரை ஒட்டியது என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த எண்ணைப் பற்றி வேறு வியாக்கியானம் தேவைப்படாது.

பழமொழி பொய்த்த ஞாயிறு

கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். கரிசல் காட்டுச் சம்சாரிகள் இன்றும் அந்த வாக்கை நம்பித்தான் பயிரின் கடைசித் தண்ணீரைக் கணக்குப் போடுகிறார்கள். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை, மார்கழியிலோ பனி என்பது நம் நாட்டு ருதுக்களின் ஒழுங்கு. மார்கழி பிறந்தபின் மேகத்தைப் பார்ப்பதெல்லாம் அந்த வருஷத்து மழைக்காக அன்று. கர்ப்போட்டம் பார்த்து, அடுத்த வருஷத்து மழை எப்படியிருக்கும் என்று அனுமானிப்பதற்காகத்தான்.

2023-ஆம் ஆண்டில் கார்த்திகை மாதம் டிசம்பர் 16, சனிக்கிழமையோடு முடிந்தது. மறுநாள் ஞாயிறு, மார்கழி முதல் தேதி. பழமொழிக்கு ஒரு நாள் அவகாசம் கூடக் கொடுக்காமல், அந்த முதல் தேதியன்றே வானம் திறந்துகொண்டது. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62, மாஞ்சோலையில் 55. சிவகாசியோடு தீப்பெட்டித் தொழிலைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் கோவில்பட்டியிலும் ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்துக்கு மழை. தாமிரபரணியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேலாக வெள்ளம் புரண்டது. ஏரலும் ஆழ்வார்திருநகரியும் தண்ணீரில் தீவுகளாயின. தூத்துக்குடியின் உப்பளங்கள் கரைந்தன. கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் நின்ற இடத்திலேயே அழுகின. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

எட்டரை மணிக் கணக்கு

இங்கே தேதி சம்பந்தமான ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காயல்பட்டினத்து மழையின் பெரும்பகுதி பெய்தது 17-ஆம் தேதி. ஏட்டில் ஏறியதோ 18-ஆம் தேதி. நம் நாட்டு மழைக்கணக்கில் ஒரு நாள் என்பது நள்ளிரவில் முடிவதுமில்லை, பஞ்சாங்கத்து நாளைப் போலச் சூரியோதயத்தில் தொடங்குவதுமில்லை. காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் காலை எட்டரை மணிவரை பெய்தது அனைத்தும் அந்த மறுநாளின் பெயரில் எழுதப்படுகிறது. அந்தத் திங்கட்கிழமை எட்டரை மணி இராகு காலத்துக்குள் விழுந்தது தற்செயல். எல்லாத் திங்கட்கிழமைகளிலும் அப்படித்தான் விழுகிறது, மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும்.

இன்னொரு நுட்பம், சொற்களைப் பற்றியது. இந்திய வானிலைத் துறை மழையைத் தரம் பிரிக்கையில், ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை என்றும், 115.6 மில்லிமீட்டரைத் தொட்டால் மிகக் கனமழை என்றும், 204.5-ஐத் தொட்டால் அதிகனமழை என்றும் பெயரிடுகிறது. அதற்கு மேல் படி கிடையாது. காயல்பட்டினத்து மழையோ அந்தக் கடைசிப் படியின் வாசலைப்போல் நான்கரை மடங்குக்கும் அதிகம். சிவப்பு எச்சரிக்கை என்ற சொல்லைக் கேட்ட ஒரு குடும்பம், 21 சென்டிமீட்டருக்காக எச்சரிக்கப்படுகிறதா, 95 சென்டிமீட்டருக்காக எச்சரிக்கப்படுகிறதா என்று அந்தச் சொல்லிலிருந்து அறிந்துகொள்ள முடியாது. முன்னறிவிப்பு போதுமானதாக இருந்ததா, இல்லையா என்று மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே பின்னர் எழுந்த வாக்குவாதத்தின் பாதி, இந்தச் சொற்பஞ்சத்தில் பிறந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த அளவை நம் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்த்தால் விளங்கும். 95 சென்டிமீட்டர் மழை ஒரு சென்ட் நிலத்தில் விழுந்தால் அது சுமார் 38,000 லிட்டர் ஜலம். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் மூன்றைக் கொண்டுவந்து, அந்த ஒரு சென்டில் கவிழ்த்ததற்குச் சமம். ஒரு ஏக்கருக்கு 320 லாரிகள். கோடைதோறும் ஒரு லாரிக்காகத் தெருமுனையில் குடங்களை வரிசை வைத்துக் காத்திருக்கும் சிவகாசிக்காரர்களுக்கு, அந்தப் பிரளயத்தை அளக்க இதைவிடப் பொருத்தமான மரக்கால் கிடைக்காது.

நின்றுபோன ரயில்கள்

அந்த ஞாயிறு இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட, தண்டவாளங்கள் பூமியில் ஊன்றாமல் அந்தரத்தில் தொங்கின. சுவாமி தரிசனம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்களில் சிலரை அன்றிரவே அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடிந்தது. சுமார் 500 பேர், நாற்புறமும் நீர் சூழ, ஸ்டேஷனிலும் பெட்டிகளிலுமாக இரண்டு இரவுகளைக் கழித்தார்கள். பக்கத்திலுள்ள புதுக்குடி கிராமத்தார் கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்து, முன்பின் அறியாத அத்தனை பேருக்கும் பரிமாறினார்கள். ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களைப் போட்டதும், மீட்புப் படையினர் வந்து பிரயாணிகளை அழைத்துப்போய், மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் ஏற்றியதும் 19-ஆம் தேதியில்தான்.

இதே டிசம்பர் 18-ஆம் தேதி, பதினான்கு ஆண்டுகளுக்கு முன், உலகத்தின் மற்றொரு மூலையிலும் ரயில்கள் நின்றன. 2009-ஆம் ஆண்டு அந்த வெள்ளிக்கிழமை மாலை, பிரான்சையும் இங்கிலாந்தையும் கடலுக்கடியில் இணைக்கும் சுரங்கத்துக்குள், யூரோஸ்டார் ரயில்கள் ஐந்து ஒன்றன்பின் ஒன்றாக உயிரிழந்து நின்றன. கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிய 2,000-க்கும் மேற்பட்டவர்கள், சிலர் பதினாறு மணி நேரம்வரை, வெளிச்சமும் காற்றோட்டமும் குன்றிய பெட்டிகளில் அகப்பட்டுக்கொண்டார்கள். அங்கே வெள்ளமில்லை; குற்றவாளி மாவு போன்ற நுண்பனி. வழக்கமாக விழும் ஈரப்பனியைத் தடுத்துநிறுத்திய வடிகட்டிகளுக்கு அந்த உலர்ந்த தூள் கட்டுப்படவில்லை. எஞ்சினுக்குள் புகுந்த அது, சுரங்கத்தின் வெதுவெதுப்பில் உருகி நீராகி, மின்கருவிகளைச் செயலிழக்கச் செய்தது.

ஒன்று வெயிலுக்குப் பேர்போன தாமிரபரணிக் கரை. மற்றொன்று பனிபடர்ந்த ஐரோப்பியக் கடற்கரை. ஒரு ரயில் வெள்ளத்தால் நின்றது, மற்றவை ஒரு பிடி பனித்தூளால் நின்றன. ஆயினும் இரண்டு இடத்திலும் கதையின் உள்நரம்பு ஒன்றே: வழக்கமான குளிர்காலத்தை நினைத்துக் கட்டிய ஏற்பாடு, வழக்கத்துக்கு அப்பாற்பட்ட ஒரு நாளைச் சந்தித்தது.

கடலிலும் வானிலும்

அந்தத் தேதித்தாளை இன்னும் பின்னோக்கிப் புரட்டினால், 1944 டிசம்பர் 18 வருகிறது. பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கிழக்கே, அட்மிரல் வில்லியம் ஹால்ஸியின் தலைமையில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தொகுதி, சூறாவளி எந்தத் திசையில் வருகிறது என்பதைத் தவறாகக் கணித்து, அதன் வாய்க்குள்ளேயே போய் விழுந்தது. எண்ணெய் தீர்ந்து எடை குறைந்திருந்த நாசகாரிக் கப்பல்கள் அலைமேல் தக்கையாக ஆடின. ஹல், ஸ்பென்ஸ், மோனகன் என்ற மூன்று கப்பல்கள் கவிழ்ந்தன. தொகுதி முழுவதிலுமாகச் சுமார் 790 மாலுமிகள் மாண்டார்கள். சத்துரு ஒரு குண்டும் வீசாமலே நேர்ந்த அந்த நஷ்டத்தால் கண்திறந்த கடற்படை, குவாம் தீவில் சூறாவளிகளைக் கண்காணிக்க நிலையம் அமைத்தது.

2010-இல் அதே தேதி ஒரு சனிக்கிழமை. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம், சிறிது நேரத்துக்குள் கொட்டிய பனியால் ஓடுபாதைகளை மூடவேண்டி வந்தது. ஓடுபாதையின் பனியைத் தள்ளிய பிறகும், விமானங்கள் நின்ற இடங்களில் உறைந்துபோன பனிக்கட்டியை அகற்ற நாட்கள் பிடித்தன; பண்டிகைப் பிரயாணிகள் ஆயிரக்கணக்கானோர் தரையில் படுத்துறங்கினார்கள். 2020-இலோ, ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில், கான்-எட்சு நெடுஞ்சாலையில் டிசம்பர் 16-ஆம் தேதி மாலை பனியில் சிக்கிய 2,000-க்கும் மேற்பட்ட வாகனங்களில் கடைசி வண்டி விடுபட்டது 18-ஆம் தேதி இரவில். குட்டி ஜப்பான் என்று நேரு அழைத்ததாக இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஊரிலிருந்து எழுதுகிறவன், பெரிய ஜப்பானும் இயற்கையின் முன் வழிமறிக்கப்பட்டு நின்ற கதையைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

இவற்றையெல்லாம் அடுக்கிச் சொன்னதால், டிசம்பர் 18 ஏதோ தோஷமுள்ள தேதி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். காலண்டர் கட்டிலிருந்து வேறெந்தக் குளிர்காலத் தாளை உருவினாலும் இப்படிப் பல சம்பவங்கள் உதிரும். தேதி மனிதன் போட்ட கோடு. காற்றுக்கு அந்தக் கோடு தெரியாது. ஆனால் குளிர்காலத்தின் இந்த வாரத்தில் நம் தென்கோடி ஏன் மழைக்கு வாகாகிறது என்பதற்கு, ஜோதிடத்தின் துணையில்லாமலே விடை சொல்ல முடியும்.

தெற்கே இறங்கும் மேகம்

சூரியன் தெற்கே போகப்போக, பூமத்திய ரேகையை ஒட்டிய தாழ்வழுத்த மண்டலமும் அவனைப் பின்தொடர்ந்து தெற்கே இறங்குகிறது. ஐப்பசியில் வடதமிழ்நாட்டுக்கும் ஆந்திரக் கரைக்கும் வாய்க்கிற புயல்கள், மார்கழி நெருங்குகையில் இலங்கையையும் மன்னார் வளைகுடாவையும் குமரிக்கடலையும் நாடி வருவதற்கு அதுவே காரணம். பூமியின் சுழற்சி காற்றுக்குக் கொடுக்கிற முறுக்கு, ரேகையை நெருங்க நெருங்கக் குறைந்துவிடுவதால், அத்தனை தெற்கே பெரும்புயல் எழுவது அபூர்வம். அபூர்வம் என்பதற்காக இல்லாமற்போவதில்லை.

1964-ஆம் ஆண்டு இதே மார்கழி முதல் வாரத்தில்தான், அந்தமானுக்குத் தெற்கே, ஏறத்தாழ ஐந்தாவது அட்சரேகையில் ஒரு தாழ்வழுத்தம் முளைத்தது. மேற்கே நகர்ந்து வலுத்து, டிசம்பர் 22-ஆம் தேதி வட இலங்கையைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியின்மேல் பாய்ந்த அந்தப் புயல், பாம்பனிலிருந்து வந்த ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட பிரயாணிகளோடு கடலுக்குக் கொடுத்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. துறைமுகமும் தபாலாபீசும் சர்ச்சும் இருந்த ஊர், மனிதர் வாசம் செய்யத் தகாத இடமென்று அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டது. சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் இஞ்சினீயர் 46 நாட்களில் சீர்ப்படுத்திக் கொடுத்ததும், அவரே பிற்காலத்தில் கொங்கண் ரயில்பாதையையும் டெல்லி மெட்ரோவையும் அமைத்ததும் நம் நாட்டு ரயில்வே சரித்திரத்தின் ஓர் அத்தியாயம்.

2023-இல் நேர்ந்ததற்கும் வேர் அதே தெற்குக் கடலில்தான். ஆனால் உருவம் வேறு. அது புயலுமன்று, புயலாக முதிரும் மண்டலமுமன்று. குமரிக்கடல்மீது ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவே. இரண்டு வாரங்களுக்கு முன் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாமுக்குப் பெயர் இருந்தது. தினந்தோறும் அதன் பாதையைத் தொலைக்காட்சி வரைந்து காட்டியது. இந்தச் சுழற்சிக்குப் பெயரே இல்லை. அது நகராமல் நின்ற இடத்தில் நின்று, கிழக்கிலிருந்து வந்த ஈரக்காற்றை இடைவிடாமல் கரைக்குள் இழுத்துக் குவித்தது. மேற்கே பொதிகை மலை சுவராக நின்று மறித்தது. காற்று ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ ஏழு சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகத்தின் பழைய விதி. கடலும் காற்றும் சூடேறிவரும் இக்காலத்தில், பெயரில்லாத சுழற்சி ஒன்று பெயருள்ள புயலை விஞ்சுவதில் வியப்பில்லை.

மருந்துச் சுவரில் எழுதியது

இனி சிவகாசிக்குத் திரும்புவோம். மழை குறைந்த இந்த வறண்ட பூமியில் விவசாயம் கைகொடுக்காத காரணத்தால், 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், அவற்றின் லேபிளுக்காக வந்த லித்தோ அச்சிலிருந்து காலண்டரும் கிளைத்தன. குச்சி காய வெயில் வேண்டும், மருந்து காய வறண்ட காற்று வேண்டும், நிறம் பிசகாமல் அச்சேறக் காகிதம் ஈரம் குடிக்காமலிருக்க வேண்டும். வானம் கொடுக்காததையே மூலதனமாக்கிய ஊர் இது.

ஆகையால்தான் இங்கே ஈரத்தின்மேல் ஒரு பயம் பரம்பரையாக இருக்கிறது. அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினால் அது தானாகவே சூடேறும். கலந்த மருந்தை அன்றன்றே செலவழிக்க வேண்டும், மறுநாளைக்கு மிச்சம் வைக்கலாகாது என்று மூத்த தொழிலாளர்கள் சொல்வதற்கு அதுவே காரணம். இடி இடித்தால் வேலையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பதும், கட்டிடங்களுக்கு இடிதாங்கி வேண்டும் என்பதும் அதே பயத்திலிருந்து பிறந்த விதிகள்.

ஒரு பட்டாசு ஆலைக்குள் போய்ப் பாருங்கள். ஒன்றுக்கொன்று கணக்கான இடைவெளி விட்டுச் சிறு சிறு அறைகள். காற்றில் கந்தக நெடி. தரையில் விரித்த ரப்பர் விரிப்பு. வாசற்படியில் கழற்றிவிட்ட செருப்புகள். ஒவ்வொரு அறையின் வெளிச்சுவரிலும், இங்கே இத்தனை பேர்தான் இருக்கலாம், இத்தனை கிலோ மருந்துதான் இருக்கலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அந்த எண்ணை நிர்ணயித்தவர், அறை அமைதியாக இருக்கும் ஆயிரம் நாட்களைச் சராசரி எடுத்துப் பார்க்கவில்லை. எல்லாம் தவறிப்போகிற ஒரே ஒரு கணத்தை நினைத்து, அந்தக் கணத்திலும் பக்கத்து அறை பிழைக்க வேண்டும் என்று கருதி எழுதினார். அந்த எண் மீறப்படுகிற இடத்தில்தான் விபத்துகள் பெருகுகின்றன என்பதை இந்த மண் கண்ணீரோடு அறியும்.

நம்முடைய கண்மாய்களும் கலிங்குகளும் வாய்க்கால்களும் பாலங்களும் அந்தச் சுவரைப் போல எண்ணப்பட்டவை அல்ல. சராசரி மழைக்கும், சராசரிக்குச் சற்று மேலான மழைக்கும் அவை அளவெடுக்கப்பட்டவை. அந்த அளவையும் வண்டலும் சீமைக்கருவேலமும் ஆக்கிரமிப்பும் பாதியாகக் குறைத்துவிட்டன. வருஷத்துக்கு 80 சென்டிமீட்டர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, அது ஒரே நாளில் வந்துவிடக்கூடும் என்பது நம்ப முடியாத சேதியாக இருந்தது. கோவில்பட்டியில் நின்ற மேகம் இன்னும் கொஞ்சம் வடக்கே நகர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியைக் கேட்டுப் பார்க்க, வரைபடத்தில் ஒரு விரற்கடை தூரம்கூட நகர வேண்டியதில்லை.

அமெரிக்கக் கடற்படை கண்காணிப்பு நிலையம் அமைத்தது. யூரோஸ்டார் தன் எஞ்சின்களைத் திருத்தியது. நாமும் ஏதேனும் செய்யலாம். அதற்கு முதலில் ஞாபகம் வேண்டும். ஞாபகத்தை வீட்டுக்கு வீடு சுவரில் ஆணியடித்து மாட்டுகிற ஊர் இந்தியாவிலேயே இதுதான் என்றால், தொடக்கம் இங்கேயே இருக்கலாம். அடுத்த ஆடிப்பெருக்குக்குப் பின் டிசம்பர் 18-ஆம் தேதித்தாளை அச்சேற்றுகிறவர், மேல்நோக்கு நாளுக்கும் சந்திராஷ்டமத்துக்கும் நடுவே ஒரு வரிக்கு இடம் ஒதுக்கட்டும்: இந்நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தேதி திங்களிலோ சனியிலோ வருகிற வருஷமானால், வழக்கப்படி சூலம் கிழக்கு என்றே அச்சிடலாம். அன்று காற்று வந்ததும் கிழக்கிலிருந்துதான். பரிகாரம் என்ற கட்டத்தில் மட்டும், தயிருக்குப் பக்கத்தில், கண்மாய்க் கரை என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.